உடைந்தால் வைக்க ஒரு கல்

தோட்டத்துச் சரிவில் மண் சரியாமல் இருக்கச் சுவர் கட்ட நினைத்தார்கள். கொத்தனார் நீளத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து, இத்தனை கல் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். "உடைஞ்சா வைக்க ஒரு கல் கூடுதலாவே இருக்கட்டும்" என்றும் சொன்னார்.

ஒரே பாறையைப் பிளந்து எடுத்த அண்ணன் கல்லும் தம்பிக் கல்லும் அந்த லோடில் வந்து இறங்கின. அண்ணன் சுவரின் நடுவில் உட்கார்ந்தது. சுவர் முடிந்தபோது தம்பி மட்டும் மிஞ்சியது. அதைக் கொய்யா மரத்தடிக்கு உருட்டிவிட்டார்கள்.

"எனக்கு எப்போண்ணா இடம் கிடைக்கும்?"

"எங்கள்ல யாராவது உடைஞ்சாத்தான் தம்பி."

மறுநாளிலிருந்து தம்பி தினமும் விடிந்ததும் கேட்டது.

"முதுகு ரொம்ப வலிக்குதாண்ணா?"

"மழை பெய்ஞ்சா மண்ணு கனக்குதுடா. பரவாயில்ல. இங்கே இத்தனை கல்லு இருக்கு, நீ ஒருத்தன்தான் என்னை விசாரிக்கிறே."

தம்பி, அண்ணன் மேல் ஓடிய மெல்லிய கீறலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐப்பசி அடைமழையில் அண்ணன் இரண்டாகப் பிளந்தது. கொத்தனார் வந்து துண்டுகளைப் பெயர்த்து மரத்தடியில் போட்டார். தம்பியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தார். ஒரே பாறைதானே, அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

நனைந்த மண் மெல்லச் சாய்ந்து தம்பியின் முதுகில் ஏறியது.

விடிந்ததும் கொய்யா மரத்தடியிலிருந்து உடைந்த குரல் ஒன்று கேட்டது.

"முதுகு ரொம்ப வலிக்குதாடா தம்பி?"