டிக்கெட்டின் பின்பக்கம்

இடைவேளை விளக்குகள் எரிகின்றன. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் நாற்காலிகள் மீது வெளிச்சம் இரக்கமில்லாமல் விழுகிறது. படத்தொடரின் ஒன்பதாம் பாகத்தில் உளவாளிக்கு வயதாகிவிட்டது; கூரைகளுக்கு மேல் ஓடிய முதுகு அவனுடையதல்ல, டூப்புடையது என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிட்டது. "இந்தக் கண்றாவிய எடுக்கவா நாலு வருஷம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலுத்துக்கொள்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு நாற்காலி, அதில் அவளுடைய கைப்பை. எட்டாம் பாகம் வந்த வருஷம், அம்மாவின் வீட்டை அவளுக்குத் தெரியாமல் அவன் விற்றுவிட்டான்; அதோடு பேச்சு நின்றது. "ஒன்பது வந்திருக்கு, வர்றியாக்கா?" என்று நேற்று அவன் அனுப்பிய ஒற்றை வரிக்காக வந்திருக்கிறாள். முதல் பாகத்திலிருந்தே அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. கூட இருந்தே குழி பறிக்கும் துரோகி யார் என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, இடைவேளையில் மாற்றிக்கொள்வார்கள். இந்தப் படத்தில் அதற்கும் வழியில்லை. பத்தாவது நிமிஷமே உளவாளியின் மேலதிகாரி முழித்த முழியில் குட்டு உடைந்துவிட்டது. 'மேலதிகாரி' என்று எழுதியதை அவள் நீட்டுகிறாள். அவன் தன்னுடையதைக் கைப்பையின் மேல் வைத்துவிட்டு வெறும் திரையையே பார்க்கிறான். வியர்வையில் நைந்த அந்தத் துண்டில் ஒரே ஒரு சொல்: 'நான்'. வெளியே பாப்கார்ன் பொரிந்து அடங்குகிறது. மணி அடிக்கிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

"இத எழுதவாடா," என்கிறாள் அக்கா, "உனக்கு நாலு வருஷம்?"