ஆற்றின் நிறம்

கண்கட்டைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது என்னை அல்ல, நர்ஸ் போட்டிருந்த கோட்டை.

வலது கண்ணை மூடினார். திறந்தார். இடது கண்ணை மூடினார். சின்னப் பிள்ளை விளையாடுவதுபோல மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே இருந்தார். நர்ஸ் பாவம், கோட்டில் ஏதோ கறை என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் பண்ணின கண்ணுல வெள்ளையா இருக்கு. பண்ணாத கண்ணுல டீ கொட்டின மாதிரி இருக்கு" என்றார்.

"புரைன்னா அப்படித்தாங்க. அதையும் அடுத்த மாசம் பண்ணிட்டா சரியாயிடும்."

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, படம்!" என்றார்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது அந்த ஒரே படம்தான்.

இவர் அருங்காட்சியகத்தில் ஓவியப் பிரிவின் தலைவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று பெயர். இவர் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. மறுபேச்சு கிடையாது.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒரு கண்காட்சி வைக்கிறார். அதற்கு நடுநாயகமாக ஒரு பழைய ஆற்றுப் படம். விடியற்காலை, பனி, படகில் வெள்ளை உடுத்திய ஒரு பெண். கல்லூரிக் காலத்தில் இவரை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்ததே அந்தப் பெண்தான் என்று நான் கேலி செய்வது உண்டு.

அந்தப் படம் மஞ்சளித்துவிட்டது என்று ஆரம்பித்தார். மேலே பூசிய வார்னிஷ் பழுத்துவிட்டதாம். மருந்தில் நனைத்த பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து எடுக்க வேண்டுமாம்.

ஓவியங்களைச் செப்பனிடும் அம்மா முடியவே முடியாது என்றார். அவரும் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர். வார்னிஷ் நன்றாகத்தான் இருக்கிறது, வீணாகத் துடைத்தால் அடியில் இருக்கும் மெல்லிய நீலமும் கூடவே வந்துவிடும் என்பது அவர் கட்சி.

இரண்டு பேரும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். பிறகு ஒரு நாள் அந்த அம்மா திடீரென்று, சரி, உங்கள் விருப்பப்படியே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் அன்று இவர் பாட்டெல்லாம் பாடினார். சகிக்கவில்லை.

தானாகக் கண் டாக்டரிடம் போகிற ஆளா இவர்? படியில் தடுமாறுகிறீர்கள், பேப்பரை மூக்கில் வைத்துப் படிக்கிறீர்கள் என்று நச்சரித்து, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

இப்போது வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனுஷன், அருங்காட்சியகத்துக்கு வண்டியை விடு என்று பிடிவாதம் பிடித்தார்.

"மேடம் ஃபோனை எடுக்க மாட்டேங்குறாங்க. துடைச்சா துடைச்சதுதாம்மா. மறுபடி வரைய அந்த ஆள் எந்திரிச்சு வரமாட்டான்."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பக்கத்தில் அவர் மறுபடியும் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால், இந்த மனுஷன் ஓய்வுக்காலம் முழுக்க வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மேல்மாடியில் செப்பனிடும் அறை. பெரிய ஜன்னல்கள், மூக்கைத் துளைக்கும் மருந்து வாசனை. ஆற்றுப் படம் தாங்கியில் நின்றது. அந்த அம்மா பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கழற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆறு நீலமாக ஓடியது. படகுக்காரி வெள்ளை வெளேரென்று நின்றாள். எனக்கு எப்போதும்போலத்தான் தெரிந்தது. ஆனால் நான் கணக்கு டீச்சர், என் கண்ணை யார் கேட்டார்கள்?

இவர் அந்த அம்மாவிடம் கேட்டார்: "துடைச்சுட்டீங்களா மேடம்?"

"கையே வைக்கல சார்."

இவர் நம்பவில்லை. படத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். பிறகு புதுக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தார். எடுத்துவிட்டுப் பார்த்தார். பொத்தினார். எடுத்தார்.

"அப்பாடா!" என்று அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைக் கசக்காதீங்க என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று. என் வயிற்றிலும் அப்போதுதான் பால் வார்த்தது போல இருந்தது.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் கேட்டார்: "அப்புறம் எதுக்கு அன்னிக்குச் சரின்னு சொன்னீங்க?"

அந்த அம்மா கையுறையைக் கழற்றினார். "ஓரத்துல லேசாத் துடைச்சேன்னு ஒரு பஞ்சைக் காட்டினேன். 'பாத்தீங்களா, எவ்வளவு மஞ்சள்!'னு குதிச்சீங்க. அது டப்பாவுல இருந்து அப்பத்தான் எடுத்த வெள்ளைப் பஞ்சு, சார்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜெயித்த சந்தோஷத்தில் இவர் பாட்டுப் பாடிய அன்று சாயங்காலமே, அந்த அம்மா எனக்கு ஃபோன் செய்திருந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சாரை ஒரு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க. ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.