காலி அட்டைகள்

"அட்டையைத் திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ்," என்றாள் செவ்வந்தி.

சென்னையில் கல்லூரிகளுக்கிடையே அரசு நடத்தும் மேசைப் போர் ஆட்டத்துக்கு எங்களுக்கு ஒரே ஓர் இடம். என்னை வெல்பவளே போகலாம் என்று அறிவித்திருந்தேன். ஆறு ஆண்டுகளாக என்னை யாரும் வென்றதில்லை. எதிரே அமர்ந்தவர்கள் அனைவரும் என்னிடம் மதிப்பெண் வாங்க வேண்டியவர்கள் என்பதை நான் பொருட்படுத்தியதும் இல்லை.

வரைபடத்தில் ஆற்றங்கரை நெடுகக் கவிழ்த்து வைத்த எட்டு அட்டைகள் என் படை. மூன்றில்தான் வீரர்கள். மற்ற ஐந்தும் காலி, எதிரியை மிரட்ட. செவ்வந்தி மூன்று முறை தாக்கினாள். மூன்றும் காலி அட்டைகள். ஆற்றைக் கடந்து என் கோட்டையையும் பிடித்துவிட்டாள்.

"திருட்டாட்டம் ஆடினா பேரை அடிச்சிடுவேன். எப்படித் தெரிஞ்சுது?"

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"படிச்சவ நான். கோவமெல்லாம் வராது."

"படை இருக்கிற அட்டையைப் போட்டது போட்டபடி விட்டுட்டீங்க. காலி அட்டையை மட்டும் தொட்டுத் தொட்டு நேராக்குனீங்க."

"அதை வெச்சு காலின்னு எப்படிப் புரிஞ்சுது?"

"எங்க அப்பா மருதையன் உங்க வயல்லதான் கூலிக்கு நிக்கிறாரு. நிலத்துக்கு உச்சவரம்பு வந்ததும் உங்க வீட்டுப் பெரிய ஐயா நாலு ஏக்கரை அவர் பேருல எழுதுனாங்க. பேரு அவருது, நெல்லு உங்களுது. அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் புதுச் சட்டை மாட்டி அவரை வரப்புல நிறுத்துவாங்க. துண்டைக்கூட ஐயாவே சரி பண்ணி விடுவாங்க. மத்த நாள்ல எங்க அப்பாவை யாரு தொடுவா மிஸ்?"

சுற்றி நின்ற மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். நில உச்சவரம்பை ஆதரித்து அந்த மாதம்தான் கல்லூரி மன்றத்தில் ஒரு மணி நேரம் முழங்கியிருந்தேன்.

"சென்னைக்கு நீதான் போற," என்றேன்.

கைதட்டினார்கள். என் நேர்மையை எண்ணி நானும் சேர்ந்து தட்டினேன்.

செவ்வந்தி விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தாள்.

அரசு அலுவலகத்துக்குப் போகும் தாள் அது. அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, 'நான்கு ஏக்கர் நில உரிமையாளர்' என்று திருத்திய பிறகே கையொப்பமிட்டேன்.