ராணி படத்து அறை

அருங்காட்சியக அறையின் கனத்த கதவைச் சாத்தி, அவசரமாக உள்தாழ்ப்பாளைப் போட்டான் திருடன். டிக்கெட் வாங்கி வந்தவன்தான். மூலையில் ஒரு துணியைக் கொளுத்தி, "தீ" என்று கத்தியதும் மொத்தக் கூட்டமும் தலைதெறிக்க ஓடிவிட்டது. துணியை மிதித்து அணைத்தான். அபாய மணி மட்டும் ஓயவில்லை. கூரையில் 'உஸ்' என்று ஏதோ சத்தம். ஏ.சி.யாக இருக்கும்.

ராணியின் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுக்கத் தொடங்கினான்.

கதவு தடதடத்தது. அதன் சிறு கண்ணாடியில் காவலாளியின் வியர்த்த முகம்.

"தம்பி, திறப்பா. உள்ள இருந்தா உன் உயிருக்கு..."

"மிரட்டுற வேலையெல்லாம் வேணாம்ணே. வேலை முடிஞ்சதும் பின்வாசல் வழியா நானே போயிக்கறேன்."

"மணி அடிச்சா அது தானா பூட்டிக்கும்பா."

"நல்லாத்தான் கதை விடறீங்க."

"படத்தை வேணும்னா எடுத்துக்கோ. நான் பார்க்கலைன்னே சொல்லிடறேன். வெளிய மட்டும் வந்துடு."

அவன் சிரித்தான். இப்படிக் கெஞ்சும் காவலாளியை அவன் கண்டதே இல்லை.

மூன்று பக்கம் அறுத்தாயிற்று. நான்காவதில் கத்தி கை நழுவியது. இத்தனை சின்ன வேலைக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? கால்கள் துவள, சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தாழ்ப்பாள் எங்கோ தூரத்தில் தெரிந்தது.

காவலாளியின் குரல் உடைந்தது.

"எழுந்திருடா. தண்ணி பட்டா ஓவியம் பாழாயிடும்னு இந்த அறையில தீயணைக்கத் தண்ணியே வைக்கல. மணி அடிச்சா, உள்ள இருக்கற காத்தை விரட்டுற வாயுவைத்தான் திறந்து விடும்."