மாடிக் கதவுத் தாழ்ப்பாள்

"பொய் பேசாதீங்க! மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாம விட்டது யாருன்னு..."

"எனக்குத் தெரியும்டி, நீ வாயை மூடு!"

மனநல ஆலோசகருக்கு இது புதிதில்லை. மாடியிலிருந்து விழுந்த குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், முதல் நாளே பழியைப் பந்தாடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வழக்கம்போல ஒவ்வொருவராகத் தனியே அழைத்தார்.

"நான்தான் மேடம் போடலை," என்று கணவன் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு வெளியே போனான்.

அடுத்து மனைவி வந்தாள்.

"அவர் சொன்னதை நம்பாதீங்க மேடம். நான்தான் போடலை."

ஆலோசகர் திகைத்துப்போனார்.

"எல்லாரும் பழியை அடுத்தவங்க தலையில கட்டுவாங்க. நீ ஏம்மா உன் தலையில இழுத்துப் போட்டுக்கறே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் தப்புன்னு ஆயிட்டா, அவரை வெறுத்துடுவேன் மேடம். அப்புறம் எனக்குன்னு யார் இருக்கா?"