மெல்லிய ஓடு

சேலத்து எலும்பு ஆஸ்பத்திரியில், மகள் தர்ஷினியின் எக்ஸ்ரே படத்தை மருதாசலம் ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிற பழக்கம். இருபது வருடமாக மயிரிழை விரிசல்கூட அந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை. படத்தில் முன்கை எலும்பு நடுவே முட்டைபோல் உப்பியிருக்கிறது. சுற்றிலும் ஓடுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு, உள்ளே வெறும் இருட்டு. "சதை டெஸ்ட் வந்துருச்சுங்க, கேன்சர் இல்லை. அபூர்வமா வர்ற கட்டி. சுரண்டி எடுத்துட்டு, இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து அடைச்சா சரியாயிரும்," என்கிறார் டாக்டரம்மா. "நாலஞ்சு மாசமாவே வலிச்சிருக்குமே, பாப்பா சொல்லலீங்களா?" சொன்னாள். வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். கை நழுவி ஒரு அட்டை முட்டையைக் கீழே போட்ட அன்றைக்கு, அந்தக் கையிலேயே அடித்தார். படத்தை மேசைமேல் வைக்கிறார். மெல்லக் குனிந்து, வீங்கிய அந்தக் கையைத் தொடப்போகிறார். பத்து வயது தர்ஷினி வெடுக்கென்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். "இனிமே கீழ போட மாட்டேனுங்கப்பா."