சுடாமல் விட்ட மூன்று முயல்

"முந்நூறு மீட்டர் எட்டுற விளக்கு இங்க இருக்கு. நீ எதுக்குடா அந்தச் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றான் லயல்.

நெவின் கையிலிருந்த விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

துப்பாக்கியில் குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்பின் மேல் பூட்டுகிற விளக்குகள் அவை. கடை மேசையில் கிடந்தது நீளமானது; ஒளியை ஊசிபோல ஒரே இடத்துக்கு அனுப்பும். நெவின் கையில் இருந்ததோ குட்டையானது, வாய் அகன்றது.

ஈஸ்டர் இரவு முயல் வேட்டைக்கு இன்னும் இரண்டே நாள். ஒட்டாகோ வட்டாரத்து மலைச்சரிவை மேய்ந்து மொட்டையடிக்கிற முயல்களை எந்த அணி அதிகம் கொண்டுவந்து குவிக்கிறதோ, அதற்குத்தான் கோப்பை. லயல் ஓர் அணியின் தலைவன். காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு அவனுடைய அணி மூன்றே முயலில் கோப்பையைக் கோட்டைவிட்டது. மூன்றும் நெவின் விட்டவை. வண்டிக் கூரையிலிருந்த பெரிய விளக்கின் வெளிச்சத்தில் முயல் சிலைபோல உட்கார்ந்திருந்தது. நெவின் குறிவைத்தான். சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தினான். இப்படி மூன்று தடவை. ஏன் என்று கேட்டதற்கு, கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதோடு முடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மதுக்கடையில் யார் முயல் பேச்சை எடுத்தாலும் எல்லாத் தலையும் நெவின் பக்கம் திரும்பும். அவனுக்கு 'முயல்களின் மாமன்' என்று பெயர் வைத்ததே லயல்தான். தான் மட்டும் வண்டியிலிருந்து குதித்துக் குதித்து ஓடி, விழுந்ததையெல்லாம் உடனுக்குடன் பொறுக்கியிராவிட்டால் இரண்டாம் இடம்கூடக் கிடைத்திருக்காது என்றும் சொல்லிக்கொண்டான்.

இந்த வருடம் நெவினை விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பத்தொன்பது வருடமாகக் கூட வருகிறவன். லயலுக்கு மனது கேட்கவில்லை. குற்றம் அந்த ஆடுகிற வண்டி விளக்கில்தான் இருக்க வேண்டும், ஆளுக்கொரு ஸ்கோப் விளக்கு இருந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரையும் சமாளித்து, அவனைக் கையோடு கடைக்கு இழுத்து வந்திருந்தான்.

"இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவையும் துப்பாக்கி தாழ்ந்துச்சுன்னா, அடுத்த வருஷம் வண்டியில உனக்கு இடம் கிடையாது."

"தெரியும்" என்றான் நெவின்.

லயல் நீள விளக்கை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான். சிவப்புக் கண்ணாடியை முன்னால் மாட்டினால் முயல் மிரளாது என்றான். ஒளி சிதறாததால் பக்கத்திலிருக்கும் முயலும் ஓடாது, ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம் என்றான். கடைக்காரி ரோனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் பேசி முடிக்கிறதுக்குள்ள ஈஸ்டரே முடிஞ்சிடும். வாங்க, போட்டே பார்த்துடலாம்" என்றாள்.

கடைக்குப் பின்னால் பழம் அடுக்கும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அதன் கோடியில் ஓர் அட்டை முயல். துப்பாக்கியில்லாத ஒரு ஸ்கோப்பை மரத்தாங்கியில் வைத்து, நீள விளக்கை அதன்மேல் பூட்டினாள் ரோனா.

சொடுக்கியதும் முயலின் மீசை முடிகூடத் தெரிந்தது.

லயலால் நிற்க முடியவில்லை. வெளிச்சத்தின் ஓரமாகவே தடதடவென்று ஓடி முயலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். இதை விட்டுவிட்டு வேறெதையாவது வாங்கினால் நெவினை ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்று அங்கிருந்தே கத்தினான்.

நெவின் அவனைத் திரும்பி வரச் சொன்னான். அவன் வந்ததும், ரோனாவைப் போய் அதே இடத்தில் நிற்கச் சொன்னான்.

"இப்ப ஸ்கோப்ல பாரு."

லயல் பார்த்தான். வட்டமான வெளிச்சத்தில் முயல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"முயல் தெரியுது. ரோனா எங்க?"

"இங்கதான் நிக்கிறேன்" என்று முயலின் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. "சீக்கிரம் பாருங்கப்பா, கால் வலிக்குது."

நெவின் நீள விளக்கைக் கழற்றிவிட்டுக் குட்டையைப் பூட்டினான். முயல் கொஞ்சம் மங்கியது. அதிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, நரைத்த தலையும் நீல மேலங்கியுமாக ரோனா நின்றிருந்தாள்.

லயல் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

ரோனா அந்தக் கோடியிலிருந்த கதவைத் திறக்கப் போனாள்.

"வேட்டையில முயலுக்குப் பக்கத்துல யாருடா வந்து நிக்கப் போறா?" என்று லயல் கேட்டான். குரலில் பழைய வேகம் இல்லை.

நெவின் குட்டை விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ரோனா காதில் விழாதபடி மெல்லச் சொன்னான்:

"போன வருஷம் மூணு தடவையும் நீதான் நின்னே, லயல். துப்பாக்கிக்கு முன்னாடி ஓடினவன்னு தெரிஞ்சா வேட்டைப் பட்டியல்லேர்ந்து உன் பேரை ஆயுசுக்கும் அடிச்சிருப்பாங்க. அதான், எனக்குச் சரியாத் தெரியலன்னு சொல்லிட்டேன்."